மேடையைக் கொஞ்ச நாள் மறந்துவிட்டுக் குளத்தில் இறங்குங்கள்

கேள்வி: திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் எங்கள் ஊர். மாதா கோயில் தெரு, பள்ளிவாசல் தெரு, மாரியம்மன் கோயில் தெரு மூன்றும் ஒரே வாய்க்காலை ஒட்டித்தான் இருக்கின்றன. போன கிறிஸ்துமஸுக்குச் சமய நல்லிணக்க விழா நடத்தினோம். மூன்று மதப் பெரியவர்களும் பேசினார்கள், சால்வை போட்டோம், கேக் வெட்டினோம். அதோடு சரி. இப்போது ‘மதம் மாற்றத்தான் கூப்பிடுகிறார்கள்’ என்ற பேச்சும் கிளம்பியிருக்கிறது. நட்பு நிலைக்க என்ன செய்யலாம்?
– மாதா கோயில் பங்கு இளைஞர் குழுச் செயலாளர்

பதில்:

அன்புத் தம்பி,

உங்கள் விழாவில் பேசியவர்கள் மூன்று பேர்தான். கீழே உட்கார்ந்திருந்தவர்கள் பக்கத்து நாற்காலிக்காரரிடம்கூடப் பேசியிருக்க மாட்டார்கள். பண்டிகை உங்களுடையது, பந்தல் உங்களுடையது, கேக்கும் உங்களுடையது. விருந்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அதில் அவர்கள் தப்பு ஒன்றுமில்லை.

பல்சமய உரையாடல் பற்றி வத்திக்கான் 1991-ல் வெளியிட்ட ஆவணம் நான்கு வகை உரையாடலைச் சொல்கிறது: அக்கம்பக்கத்து வாழ்க்கை, சேர்ந்து செய்யும் வேலை, இறையியல் பேச்சு, ஆன்மிக அனுபவப் பகிர்வு. நம் டெல்டாவுக்கு முதலாவதைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தை ஒட்டி வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களில் இந்துக்கள் ஏராளம். நாகூர் தர்காவின் பெரிய மனோரா என்கிற கோபுரத்தைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். போதகர் சுவார்ட்ஸுக்குத் தஞ்சையில் சலவைக்கல் நினைவுச் சின்னம் வைத்தவர் இரண்டாம் சரபோஜி. நீங்கள் இரண்டாவதைத் தாண்டி நேரே மூன்றாவதற்குப் போய்விட்டீர்கள். வேலையிலிருந்து தொடங்குங்கள்.

உங்கள் ஊருக்குப் பொருத்தமான வேலை குளம். ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பதற்கு முன், சித்திரை, வைகாசியில், தண்ணீர் குறைந்திருக்கும்போது ஊராட்சிக் குளம் ஒன்றைச் சுத்தம் செய்யுங்கள். கோயில் குளம் வேண்டாம்; அதற்கு அறநிலையத் துறை வரை போக வேண்டிவரும், வீண் பேச்சும் வரும். ஊராட்சிக்குக் கொடுக்கும் மனுவில் மூன்று தெருக்காரர்களும் கையெழுத்துப் போடட்டும். பேனர், டி-ஷர்ட், பங்கின் பெயர் எதுவும் வேண்டாம். ஆகாயத்தாமரையை இழுத்துப் போடும்போது கரையிலேயே குவிக்காதீர்கள். முதல் மழைக்கே சரிந்து குளத்துக்குள் போய்விடும். பத்தடியாவது தள்ளிப் போட்டுக் காயவிடுங்கள். அறுந்து மிதக்கும் துண்டும் தழைத்துவிடும் என்பதால் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி இறங்கியே ஆகவேண்டும். இந்த இரண்டாவது முறைதான் முக்கியம். முதல் நாள் ஐம்பது பேர் வருவார்கள், இரண்டாம் முறை பன்னிரண்டு பேர் வருவார்கள். அந்தப் பன்னிரண்டு பேர்தான் உங்கள் குழு.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் கடிதத்தில் மூன்று தெரு இருக்கிறது, காலனித் தெரு இல்லை. அங்கேயும் கிறிஸ்தவர்கள் இருப்பார்கள், மாரியம்மனைக் கும்பிடுகிறவர்களும் இருப்பார்கள். மூன்று மதமும் கைகுலுக்கி, அந்தத் தெருவை வெளியே நிறுத்தினால் அதற்கு நல்லிணக்கம் என்று பெயர் வைக்க முடியாது. முதல் மனுவிலேயே அவர்கள் கையெழுத்து வேண்டும். எல்லோருக்கும் ஒரே வகை தம்ளரில் டீ வர வேண்டும். இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் பிறகு வராது.

குளம் முடிந்ததும் மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். இடம் நூலகமோ பள்ளிக்கூடமோ இருக்கட்டும். மாதா கோயில் ஹாலும் வேண்டாம், கோயில் மண்டபமும் வேண்டாம். வெள்ளி மதியமும் ஞாயிறு காலையும் கூடாது. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த பிறகு தொடங்கி, சூரியன் மறைந்ததும் வரும் மஃரிப் பாங்குக்கு முன் எழுந்துவிடுங்கள். சம்பா நடவிலும் அறுப்பிலும் ஆள் வராது. அந்த மாதங்களை விட்டுவிடுங்கள், மனம் தளர வேண்டாம். முதல் இரண்டு மூன்று கூட்டத்தில் கடவுள் ஒருவரா பலரா என்று போகாதீர்கள். “உங்கள் வீட்டில் பிள்ளை பிறந்தால் என்ன செய்வீர்கள்? இறந்தவருக்கு நாற்பதாம் நாளில் என்ன?” என்று கேளுங்கள். இதில் வீட்டுப் பெண்கள்தான் அதிகம் சொல்வார்கள். ஆண்களை மட்டும் கூப்பிட்டால் பாதி விஷயம் வராது.

ஸ்வீடன் லுத்தரன் ஆயர் கிறிஸ்டர் ஸ்டெண்டால் 1985-ல் சொன்ன இரண்டு விதிகளைச் சுவரில் எழுதி வைக்கலாம். ஒரு மதத்தைப் பற்றி அறிய அதைப் பின்பற்றுகிறவரிடம் கேள், அதன் எதிரியிடம் கேட்காதே. உன்னுடைய சிறந்ததை அடுத்தவருடைய மோசமானதோடு ஒப்பிடாதே. ‘நாங்கள் பள்ளிக்கூடம் கட்டினோம், நீங்கள் சாதி பார்த்தீர்கள்’ என்ற பேச்சு இரண்டாவது விதியிலேயே விழுந்துவிடும். நம் கல்லறைத் தோட்டங்களில் சாதிச் சுவர் இருந்த கதையை அவர்களும் எடுப்பார்களே.

தொடக்க ஜெபம் ஒரு சிக்கல். ‘இயேசுவின் நாமத்தில்’ என்று முடித்தால் மற்றவர்கள் சங்கடப்படுவார்கள். பொதுவாகச் சொல்கிறோம் என்று வார்த்தையைக் கரைத்தால் நமக்கே மனம் ஒப்பாது. ஒரு நிமிடம் மௌனமாக இருங்கள். பாட்டு வேண்டுமென்றால் மாயவரத்தில் முன்சீபாக இருந்த கத்தோலிக்கர் வேதநாயகம் பிள்ளை எழுதிய ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ இருக்கிறது. எல்லோரும் வாய்விட்டுப் பாடலாம்.

சாப்பாடு சுண்டலும் டீயுமாகவே இருக்கட்டும். கறி வைத்தால் ஹலாலா என்று ஒரு கேள்வி, புரட்டாசி என்று இன்னொரு கேள்வி. படைத்த பிரசாதத்தைச் சாப்பிட நம்மவர்களில் சிலருக்கு மனம் வராது. முகத்தைத் திருப்பாமல், “வேண்டாம்மா, எங்கள் பழக்கம் இது” என்று பணிவாகச் சொல்லலாம் என்பதைக் குழுவில் முன்பே பேசி வைத்துவிடுங்கள். ரமலானில் பள்ளிவாசல் கஞ்சிக்கு உதவ நினைத்தால் பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லியிடம் கேட்டுப் பச்சரிசியாகக் கொடுங்கள். நூறு பேருக்கு ஐந்து கிலோ அரிசி, ஒரு கிலோ பாசிப்பருப்பு ஏறக்குறைய சரியாக இருக்கும். அதைவிட நல்லது, மதியமே போய்க் காய்கறி நறுக்கி, கடைசியில் அண்டா கழுவிவிட்டு வருவது. 2027-ல் நம் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 10. ரமலானும் அதையொட்டித்தான் தொடங்கும். நோன்பிருக்கும் இருவர் பேசிக்கொள்ள அதைவிட நல்ல காலம் இல்லை.

இனி மதமாற்றப் பேச்சு. அதற்கு மறுப்பு அறிக்கை உதவாது. இந்தக் குழுவின் வழியாகத் துண்டுப் பிரசுரம் கொடுக்க மாட்டோம், தனி ஆளுக்கு அரிசியோ ஃபீஸோ கொடுக்க மாட்டோம், வீட்டார் கேட்காமல் நோயாளிக்கு ஜெபம் செய்ய மாட்டோம் என்று முதல் நாளே சொல்லுங்கள். செலவை எல்லாத் தெருவும் சமமாகப் போடட்டும். கணக்கு நோட்டு உங்கள் கையில் இருக்க வேண்டாம், பள்ளிவாசல் தெருக்காரரிடமோ காலனிக்காரரிடமோ கொடுங்கள். “உங்கள் நம்பிக்கை என்ன?” என்று ஒருவர் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், கேட்காதபோது திணிக்காதீர்கள். இதனால் விசுவாசம் நீர்த்துவிடும் என்று பங்கில் யாராவது பயந்தால், 1965 அக்டோபர் 28-ல் வந்த இரண்டாம் வத்திக்கான் சங்க ஏட்டைக் காட்டுங்கள்: பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் உள்ள எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று அது தெளிவாகச் சொல்கிறது.

கடைசியாக, தகராறு வரும் நாளுக்கு இப்போதே ஏற்பாடு வேண்டும். தேர்பவனி, சாமி புறப்பாடு, தர்கா கந்தூரி விழாவின் கொடி ஊர்வலம் மூன்றுக்கும் பாதையையும் நேரத்தையும் ஒரு மாதம் முன்பே சேர்ந்து குறித்துக்கொள்ளுங்கள். பாங்கு நேரத்தில் மேளம் எங்கே நிற்கும் என்பது உட்பட. தெருவுக்கு இருவர் என்று போன் எண்களை எல்லோரும் வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி வந்தால் அடுத்தவருக்கு அனுப்புவதற்கு முன் அந்தத் தெருக்காரருக்கு ஒரு போன் போட்டுக் கேட்க வேண்டும். இரவு பதினோரு மணிக்கு அப்படிப் போன் போடக் கூச்சமில்லாத பழக்கம் வரும்வரை பெரிய விழா எதுவும் வைக்காதீர்கள்.