நாத்திகர்கள் விமர்சிக்கும்போது கிறிஸ்தவர்கள் தாங்கள் பிரசங்கிக்கிறபடி நடந்துகொள்கிறார்களா?

பெரும்பாலும் இல்லை. நானும் நடந்துகொண்டதில்லை.

“ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டு என்று ஊருக்குச் சொல்கிறீர்களே, ஒரு நாத்திகர் நாலு கேள்வி கேட்டால் மட்டும் ஏன் இந்தப் பாய்ச்சல்?” என்று கேள்வியோடு ஒரு விளக்கமும் சேர்த்திருக்கிறீர்கள். கேட்டது சரிதான். வெளியில் நின்று யாரையோ குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், நான் உள்ளே இருப்பவன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமம், நாலு தலைமுறை சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). தாத்தா உபதேசியார். ஓய்வுநாள் பள்ளியில் வருஷம் தவறாமல் வசனப் போட்டியில் பரிசு வாங்கியவன் நான். அந்த வசனங்களை நான் என்ன லட்சணத்தில் பயன்படுத்தினேன் என்பதைச் சொன்னால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் வந்துவிடும்.

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார். கருப்புச்சட்டைக்காரர். படித்ததெல்லாம் மிஷன் பள்ளிக்கூடம். ஆறேழு வருஷத்துக்கு முன்னால், ஈஸ்டருக்கு முந்தின நாள் ராத்திரி, முகநூலில் இரண்டே வரி எழுதினார்: “நாளைக்கு உயிர்த்தெழுந்து வருகிறவர் எந்தக் கேட் வழியாக வருவார்? மேலத்தெரு கேட்டா, தெற்குத்தெரு கேட்டா?”

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர் ஒன்றுதான். உள்ளே இடுப்பு உயரத்துக்கு ஒரு குறுக்குச்சுவர், அதற்குத் தகுந்த மாதிரி இரண்டு கேட். சர்ச்சில் எல்லாரும் ஒரே பாத்திரத்தில் இராப்போஜனம் (நற்கருணை) எடுப்போம். செத்த பிறகு எந்தச் சாதிக்கு எந்தக் கேட் என்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டோம்.

அந்தப் பதிவுக்குக் கீழே எங்கள் ஆட்கள் போட்டதை அப்படியே இங்கே எழுத முடியாது. ஒருத்தர் நாக்கு அழுகிச் சாவாய் என்று சாபம் விட்டிருந்தார். ஒருத்தர் அவருடைய தாயாரை இழுத்திருந்தார். அப்படி எழுதியவர் பாடகர் குழுவில் பேஸ் குரலில் பாடுகிறவர், மறுநாள் விடியற்காலை ஆராதனையில் முதல் வரிசையில் நின்று அல்லேலூயா பாடினார். நான் அவ்வளவு மோசமில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. கெட்ட வார்த்தை ஏதும் போடாமல் வசனம் மட்டும் போட்டேன். சங்கீதம் 14:1, “தேவன் இல்லை என்று மதிகேடன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளுகிறான்.” விருப்பக்குறிகள் வந்து குவிந்தன. போனைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

பத்து நிமிஷத்தில் சாரிடமிருந்து பதில் வந்தது. “மத்தேயு 5:22-ஐயும் சேர்த்துப் போட்டுருங்க தம்பி. கடைசி வரி.”

அந்தக் கடைசி வரி: “மூடனே என்று சொல்லுகிறவன் எரிநரகத்துக்கு ஏதுவாயிருப்பான்.” மலைப்பிரசங்கம், இயேசுவே சொன்னது. சரி, சங்கீதத்திலாவது நமக்கு ஏதாவது பிடிமானம் இருக்கிறதா என்று பார்த்தால், இரண்டு வசனம் தள்ளி அதே சங்கீதம் “எல்லாரும் வழிவிலகி, ஏகமாய்க் கெட்டுப்போனார்கள், நன்மைசெய்கிறவன் இல்லை, ஒருவனாகிலும் இல்லை” என்கிறது. எல்லாரும் என்றால் நானும்தான். முதல் வசனத்தை மட்டும் வெட்டியெடுத்து அடுத்தவர்மேல் எறிந்திருக்கிறேன். சாரும் பள்ளியில் வசனப் போட்டியில் பரிசு வாங்கியவர் என்பதும், பரிசாகக் கொடுத்த வேதாகமத்தை இன்னும் அட்டை போட்டு வைத்திருக்கிறார் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது.

அன்று ராத்திரியே அவருக்குப் போன் போட்டேன். மன்னிப்புக் கேட்கவெல்லாம் இல்லை, சண்டை போடத்தான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: “நான் எழுதுனதுல எது பொய்னு சொல்லுங்க தம்பி. இப்பவே அழிச்சிருதேன்.”

என்னிடம் பதில் இல்லை.

‘பொய்’ என்கிற அந்த வார்த்தையால்தான் ஒரு வசனம் எனக்குப் புதிதாகத் தெரிந்தது. எங்களை யாராவது விமர்சித்தால் நாங்கள் முதலில் கையில் எடுப்பது மத்தேயு 5:11. “என்னிமித்தம் உங்களை நிந்தித்துத் துன்பப்படுத்தி, பலவித தீமையான மொழிகளையும் உங்கள்பேரில் பொய்யாய்ச் சொல்வார்களானால் பாக்கியவான்களாயிருப்பீர்கள்.” யாராவது திட்டினால் உடனே நாங்கள் பாக்கியவான்கள், அவர் துன்பப்படுத்துகிறவர். ஆனால் வசனத்தின் நடுவில் ‘பொய்யாய்’ என்று ஒரு சொல் உட்கார்ந்திருக்கிறது. நூறு தடவை ஒப்பித்தும் நான் அதைக் கவனித்ததே இல்லை. அவர்கள் சொல்வது உண்மையாக இருந்தால் இந்தப் பாக்கியம் எங்களுக்குக் கிடையாது. பேதுரு இதை இன்னும் பச்சையாகக் கேட்கிறார்: “நீங்கள் குற்றஞ்செய்து அடிக்கப்படும்போது பொறுமையோடே சகித்தால், அதினால் என்ன கீர்த்தியுண்டு?”

ஆக, நாத்திகர் ஏதாவது சொன்னால் பொய்யா உண்மையா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. நாங்கள் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்வோம்.

2012-ல் மும்பை இர்லாவில் நடந்தது நினைவிருக்கலாம். அங்குள்ள வேளாங்கண்ணி மாதா ஆலயத்தின் சிலுவையில், இயேசுவின் பாதத்திலிருந்து நீர் சொட்டியது. ஜனங்கள் கூடி ஜெபித்தார்கள், அந்தத் தண்ணீரைப் பிடித்துக் கொண்டுபோனார்கள். பகுத்தறிவாளர் சனல் எடமருகு ஒரு தொலைக்காட்சிக்காகப் போய்ப் பார்த்தார். பக்கத்தில் கழிவுநீர்க் குழாய் அடைத்திருந்தது, சுவரில் ஏறிய ஈரம் நுண்துளைகள் வழியாகச் சிலுவைக்கு வந்து சொட்டுகிறது என்றார். பள்ளிக்கூடத்தில் படித்த நுண்புழை ஏற்றம்தான், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற அதே கணக்கு.

சாக்கடைத் தண்ணீரைத் தீர்த்தம் என்று நினைத்துக் கொண்டுபோன ஜனங்களை ஒருவர் தடுத்திருக்கிறார். அவருக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். நடந்ததோ, இந்தியத் தண்டனைச் சட்டம் 295ஏ பிரிவில், மத உணர்வைப் புண்படுத்தியதாகக் கத்தோலிக்க அமைப்புகளின் புகார்கள். திருச்சபையைப் பற்றியும் அவர் தொலைக்காட்சியில் கடுமையாகப் பேசினார் என்பது உண்மை. மன்னிப்புக் கேட்டால் புகாரைத் திரும்பப் பெறச் சொல்கிறோம் என்றது திருச்சபைத் தரப்பு. அவர் கேட்கவில்லை, ஃபின்லாந்துக்குப் போய்விட்டார். மன்னிப்பைப் பற்றி இவ்வளவு பிரசங்கம் பண்ணுகிற நாங்கள் மன்னிப்புக்கு ஒரு நிபந்தனை போட்டோம், பாருங்கள். சிலுவையில் தொங்கினவர் தன்னை அறைந்தவர்களுக்காக வேண்டிக்கொண்டபோது யாரும் அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை.

சரி, நாத்திகர்கள் சொல்வதெல்லாம் உண்மையா என்றால், அதுவும் இல்லை. “கி.பி. 325-ல் நிசேயாவில் கூடி ஓட்டுப் போட்டு பைபிளைத் தேர்ந்தெடுத்தார்கள்” என்று மாதம் ஒருத்தராவது எனக்கு அனுப்புகிறார்கள். நிசேயாவில் கூடிய ஆயர்கள் முக்கியமாகப் பேசியது, இயேசு படைக்கப்பட்டவர் என்று சொன்ன ஆரியுஸின் உபதேசத்தைப் பற்றியும் ஈஸ்டர் தேதியைப் பற்றியும்தான். அங்கே போட்ட இருபது விதிகளில் வேதாகமப் புத்தகப் பட்டியல் ஒன்றுமே கிடையாது. இந்த மாதிரி இடத்தில் பதில் சொல்லத்தான் வேண்டும், அதையும் “சாந்தத்தோடும் வணக்கத்தோடும்” சொல்லச் சொல்லி பேதுரு எழுதி வைத்திருக்கிறார். ‘வணக்கத்தோடும்’ என்பதை எங்கள் ஆட்கள் இணையத்தில் ஏறியதும் மறந்துவிடுகிறார்கள்.

இது இந்தியாவின் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் கிரான்ஸ்டன் என்று ஓர் ஊர். அங்கே அரசுப் பள்ளி ஒன்றின் அரங்கச் சுவரில் 1960-களிலிருந்து ஒரு ஜெபம் தொங்கியது. “எங்கள் பரலோகப் பிதாவே” என்று ஆரம்பிக்கும். உடன் படிக்கிறவர்களிடம் அன்பாக இருக்கவும், ஜெயித்தாலும் தோற்றாலும் சிரித்த முகத்தோடு இருக்கவும் எங்களுக்கு உதவும் என்று கேட்கிற, படிக்கவே இதமான ஜெபம். ஜெசிகா அல்குவிஸ்ட் என்கிற மாணவி, கடவுள் நம்பிக்கை இல்லாதவர், அரசுப் பள்ளியில் இது இருக்கக்கூடாது என்று வழக்குப் போட்டார். 2012 ஜனவரியில் நீதிபதி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அப்போது அந்தப் பெண்ணுக்கு வயது 16.

அதற்கப்புறம் ஊர் செய்ததைப் பாருங்கள். மிரட்டல்கள் வந்து குவிந்ததால் பள்ளிக்குப் போலீஸ் துணையோடு போக வேண்டியதாயிற்று. மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் வானொலியில் ‘பொல்லாத குட்டி’ (evil little thing) என்று பேசினார். யாரோ அவளுக்குப் பூ அனுப்ப ஏற்பாடு செய்தால், உள்ளூர்ப் பூக்கடைகள் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டோம் என்றன. பூக்கடை! தோற்றாலும் சிரித்த முகத்தோடு இருக்க உதவும் என்று கேட்ட ஜெபத்தைக் காப்பாற்ற, ஒரு பள்ளிப் பிள்ளைக்கு ஒரு கொத்துப் பூ போய்ச் சேராமல் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஜெபம் சுவரில் தொங்கிய காலமெல்லாம் யாராவது அதை வாசித்தார்களா என்றே எனக்குச் சந்தேகம்.

அதே வருஷம் டெக்சாஸில் வேறு மாதிரி ஒன்றும் நடந்தது. ஏதென்ஸ் என்கிற ஊரில் நீதிமன்ற வளாகத்தில் கிறிஸ்துமஸ் குடில் வைத்ததற்கு வழக்குப் போடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார் ஒரு நாத்திகர். பிறகு அவருக்குக் கண்பார்வை போகிற நிலை, கையில் காசும் இல்லை. செய்தி தெரிந்து அந்த ஊர்ச் சபைக்காரப் பெண் ஒருவர் உதவலாம் என்றார், சபை பணம் அனுப்பியது, அவர் மளிகைச் சாமான் வாங்கினார். நெகிழ்ந்துபோய், தானும் கிறிஸ்தவனாகிவிட்டேன் என்று அறிவித்தார். கொஞ்ச நாளில் இல்லை, மறுபடி நாத்திகன்தான் என்றும் சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் இதைச் சாட்சியாகச் சொல்கிறவர்கள் கடைசி வரியை மட்டும் விட்டுவிடுவார்கள். எனக்கோ அந்தக் கடைசி வரியோடு இருந்தால்தான் கதை பிடிக்கிறது. கடைசியில் மனம் மாறினாரா என்பதைப் பொறுத்தா மளிகைச் சாமானுக்குக் கணக்குப் பார்ப்பது?

மறுபடி எங்கள் ஊருக்கு வருகிறேன். சுவர் விஷயத்தில் நாத்திகர்கள் வந்துதான் எங்களுக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்பதும் இல்லை. எங்கள் ஜில்லாவிலேயே வடக்கன்குளம் இருக்கிறது. அங்குள்ள கத்தோலிக்கக் கோவிலையே, பீடம் நடுவில் இருக்க, சாதிக்கொரு பக்கமாக இரண்டு கூடமாகக் கட்டியிருந்தார்கள். 1910-ல் அந்தத் தடுப்பைச் சேசு சபைப் பாதிரியார்கள் எடுத்துப்போட்டார்கள். வேளாளர் தரப்பு வழக்குப் போட்டு, சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. சுயமரியாதை இயக்கம் பிறப்பதற்குப் பதினைந்து வருஷம் முன்னால் நடந்த சங்கதி. நூறு வருஷம் கழித்தும் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இரண்டு கேட்.

சாரின் பதிவுக்கு அடுத்த வருஷம் நான் எங்கள் சபை நிர்வாகத்தைப் பார்க்கிற சேகரக் கமிட்டிக்குத் தேர்வானேன். அப்போதிருந்த ஐயர் (போதகரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) கொஞ்சம் துணிச்சலானவர். ஒரு கூட்டத்தில் நேரடியாகவே கேட்டுவிட்டார்: “அந்த வாத்தியார் எழுதியது உண்மைதானே? சுவரை எடுத்துவிடலாமே.” கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். அப்புறம் பொருளாளர் சொன்னார், “எடுக்கணும்னா எடுக்கலாம் ஐயா. ஆனா ஒரு கருப்புச்சட்டைக்காரன் சொல்லி நாம எடுத்ததா ஆயிரப்படாது, பாத்துக்கிடுங்க.” நாலைந்து தலைகள் ஆடின. ஐயர் மேஜையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என் முகத்துக்கு வந்தபோது நான் முந்தின கூட்டத்து மினிட்ஸைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மேலத்தெருப் பக்கம் என் மாமனார் வீட்டுக் கல்லறை வரிசையே இருக்கிறது. மாமனார் எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்.

“அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது” என்று செயலாளர் எழுதினார். மே மாதம் ஐயருக்கு மாறுதல் வந்துவிட்டது.

போன மாதம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சாரைப் பார்த்தேன். எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

“கேட் ஒண்ணாச்சா தம்பி?”

“இல்ல சார்.”

“ம்” என்றார். அப்புறம், மகள் பிளஸ் டூவில் எவ்வளவு மார்க் என்று விசாரித்தார். டீக்குக் காசையும் அவரே கொடுத்துவிட்டார்.