லப்டொப்பை மூடித் திறந்தா ஃப்ரீஸ் ஆகுது, ஃபோர்மட் அடிக்கத்தான் வேணுமா?

அவசரப்பட்டு ஃபோர்மட் அடிக்காதேங்கோ. நீங்க சொல்றதைப் பாத்தா வேலை செய்யேக்க ஒண்டும் இல்ல, மூடி வச்சிட்டுத் திறக்கேக்க மட்டும்தான் ஸ்கிரீன் கறுப்பா நிக்குது, பவர் பட்டனை அமத்திப் பிடிச்சு ஒஃப் பண்ண வேண்டியிருக்கு. அப்பிடியெண்டா அனேகமா டிரைவர் (விண்டோஸ் ஸ்கிரீன், வைஃபை மாதிரிப் பாகங்களோட பேச உதவுற சின்ன சொஃப்ட்வெயர்) இல்லாட்டி பவர் செட்டிங் பிரச்சினைதான். ஃபோர்மட் அடிச்சாலும் விண்டோஸ் அப்டேட்டில அதே டிரைவர் திரும்ப வந்து இருந்திடும், காசும் போய் ஃபைலும் போறதுதான் மிச்சம்.

அடுத்த முறை நிக்கேக்க உடன ஒஃப் பண்ணாம கேப்ஸ் லொக்கை அமத்திப் பாருங்கோ. அந்தச் சின்ன லைட் பத்தி அணைஞ்சா மெஷின் உயிரோடதான் இருக்கு, ஸ்கிரீன்தான் எழும்பேல்ல. விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நாலையும் ஒண்டா அமத்துங்கோ, கிராஃபிக்ஸ் டிரைவர் ரீசெட் ஆகும். அதோட படம் வந்திட்டா கள்ளன் ஆரெண்டு தெரிஞ்சிடும், லப்டொப் கம்பனியின்ட சைட்டில உங்கட மொடலுக்குரிய கிராஃபிக்ஸ் டிரைவரும் பயோஸ் (விண்டோஸுக்கு முன்னமே மெஷினை எழுப்புற சொஃப்ட்வெயர்) அப்டேட்டும் எடுத்துப் போடுங்கோ. லைட்டும் அசையாட்டி முழுசா தொங்கிப்போச்சு எண்டு அர்த்தம், அதுக்கும் பயோஸ் அப்டேட்டில இருந்துதான் தொடங்கோணும்.

பிறகு கன்ட்ரோல் பெனல்ல பவர் ஒப்ஷன்ஸ் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்து விடுங்கோ. விண்டோஸ் 8ல வந்த விஷயம் இது, ஷட் டவுன் குடுத்தாலும் முழுசா ஒஃப் ஆகாம கெர்னலையும் (விண்டோஸின்ட உள் மையம்) டிரைவர்களையும் டிஸ்க்கில எழுதி வச்சு அடுத்த முறை அதையே எடுக்கும், அதால குழம்பின டிரைவர் குழம்பினபடியே வரும். ரீஸ்டார்ட் குடுத்தா மட்டும் சரியாகிற மாயம் இதாலதான். சில பேர் பவர்சிஎஃப்ஜி (powercfg) கமாண்டால ஹைபர்னேட்டையே (திறந்திருக்கிற வேலையை டிஸ்க்கில எழுதி வச்சிட்டு மெஷின் முழுசா ஒஃப் ஆகிறது) ஒஃப் பண்ணச் சொல்லுவினம், அதைச் செய்யாதேங்கோ, உங்களுக்கு ஹைபர்னேட் வேணும்.

ஏனெண்டா கன புது லப்டொப்பில பழைய எஸ்3 (S3) ஸ்லீப், அதாவது மெமரி தவிர மிச்சமெல்லாம் தூங்கிற வகை, இல்ல, மொடர்ன் ஸ்டாண்ட்பைதான். ஃபோன் மாதிரி அரைத் தூக்கம், மூடி இருந்தாலும் உள்ளுக்கு வேலை நடக்கலாம். வெள்ளவத்தையில மூடிப் பையில வச்சுக்கொண்டு 100 பஸ்ஸில ஏறினா, அந்தச் சனநெரிசல்ல கோட்டையில இறங்கேக்க பை முதுகில சுடும், பட்டரியும் பாதி இறங்கியிருக்கும், அந்தச் சூட்டில எழும்பச் சொன்னா எந்த மெஷின்தான் ஒழுங்கா எழும்பும்? உங்கட மெஷின் எந்த வகை எண்டு பாக்க கமாண்ட் ப்ராம்ப்ட்டில பவர்சிஎஃப்ஜி, ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ் ஏ (powercfg /a) எண்டு அடியுங்கோ, கிடைக்கும் எண்டு மேல காட்டுற பட்டியல்ல எஸ்0 (S0) எண்டு வந்தா இந்த மொடர்ன் ஸ்டாண்ட்பைதான். அப்ப பவர் ஒப்ஷன்ஸில மூடினா ஸ்லீப் எண்டு இருக்கிறதை ஹைபர்னேட் ஆக்குங்கோ. திறக்கேக்க கொஞ்சம் சுணங்கும், ஆனா பையில சுடாது.

இதோடயும் பிரச்சினை தீராட்டி டிவைஸ் மனேஜர்ல வைஃபை கார்டின்ட பவர் டப்பில, மிச்சம் பிடிக்க இதை ஒஃப் பண்ணலாம் எண்ட டிக்கை எடுத்துப் பாருங்கோ (சில மெஷின்ல அந்த டப் இருக்காது). விண்டோஸ் நடந்ததையெல்லாம் பதிஞ்சு வைக்கிற ஈவென்ட் வியூவர்ல கெர்னல் பவர் 41 எண்டு சிவப்பா கிடக்கும், அதைப் பாத்துப் பயப்பிட வேண்டாம், நீங்க பட்டனை அமத்தி ஒஃப் பண்ணினதைத்தான் அது சொல்லுது, அதுக்கு முன்னால உள்ள வரிகளைத்தான் பாக்கோணும்.

ஸ்லீப் பக்கமே போகாம சும்மா வேலை செய்யேக்கயும் நிண்டா அது வேற கதை, ரமோ (மெமரி) எஸ்எஸ்டியோ (ஃபைல் இருக்கிற டிஸ்க்) சூடோ இருக்கலாம். அப்ப முதல்ல படங்களையும் டொகியுமென்ட்களையும் வெளி டிரைவ் ஒண்டில கொப்பி பண்ணிப்போட்டு கடைக்குக் குடுங்கோ.