எழுத்து மாறினால் கொள்ளுத்தாத்தா மாறிவிட மாட்டார்

கேள்வி: என் அம்மாவின் தாத்தா அயர்லாந்தில் பிறந்தவர். பட்டாளத்தில் இங்கே வந்து, அப்புறம் ரயில்வேயில் சேர்ந்தார். 1951இல் காலமானார், கல்லறையில் வயது 67 என்று இருக்கிறது. சர்ச் கல்யாணப் பதிவில் ‘டோனஹோ’, ரயில்வே காகிதத்தில் ‘டோனஹ்யூ’, கல்லறையில் ‘ஓ’டோனஹ்யூ’. எழுத்து ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஏஜென்ட் ஒருவர் அஃபிடவிட் போட்டுப் பெயரை ஒன்றாக்கி, எனக்கு ஐரிஷ் பாஸ்போர்ட் வரை வாங்கித் தர 80,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
— பெரம்பூர் வாசகி

பதில்: கொடுக்காதீர்கள்.

மூன்றில் எது சரியான எழுத்து என்பதுதான் உங்கள் கவலை. மூன்றுமே சரிதான். மூலப் பெயர் ஐரிஷ் மொழியில் இருந்தது. அதைக் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதியவர் பாதிரியாரோ குமாஸ்தாவோ, அவரவர் இஷ்டம். நம்மூர் முத்துசாமியை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள், அது போலத்தான். முன்னால் வரும் ‘ஓ’வுக்குப் பேரன், வழித்தோன்றல் என்று பொருள்; ‘மாக்’ என்றால் மகன். ஆங்கிலேயர் ஆட்சியில் பலர் இவற்றை உதறினார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மொழிப்பற்று கிளம்பியதும் மறுபடி ஒட்டிக்கொண்டார்கள். அதனால் அண்ணனுக்கு ‘ஓ’ இருக்கும், தம்பிக்கு இருக்காது. தேடும்போது ‘ஓ’ போட்டும் போடாமலும், நடுவில் ‘ஜி’ எழுத்து சேர்த்தும் சேர்க்காமலும் தேடுங்கள். அயர்லாந்தில் கெர்ரி, கார்க் மாவட்டங்கள் பக்கம் ‘ஓ’டோனஹ்யூ’ அதிகம், காவன் பக்கம் ‘டோனஹோ’ அதிகம் என்பார்கள். அதை வைத்து ஊரை முடிவு செய்துவிடாதீர்கள்.

எழுத்தை விடுங்கள். உங்களுக்கு வேண்டியது அவருடைய அப்பா பெயரும், பிறந்த ஊரும். இரண்டையும் முதலில் இந்தியப் பக்கத்துக் காகிதங்களில் தேட வேண்டும். சர்ச் கல்யாணப் பதிவில் மாப்பிள்ளையின் அப்பா பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பதிவுகளின் நகல் லண்டனுக்குப் போனது. இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கிறது. பட்டாளத்தில் சேர்ந்த காகிதம் கிடைத்தால் பிறந்த ஊரும் அதில் இருக்கும்.

அப்பா பெயர் தெரிந்ததும் அயர்லாந்து அரசின் ‘ஐரிஷ்ஜீனியாலஜி’ தளத்துக்குப் போங்கள். 1864 முதல் பிறப்புப் பதிவு உண்டு. நூறு வருடம் தாண்டிய பிறப்புகளின் பக்கமே படமாகக் கிடைக்கும், காசு கிடையாது. 1884 என்று பிடிவாதமாக நிற்காமல் முன்னும் பின்னும் நாலைந்து வருடம் பாருங்கள். ஒரு பதிவு ஒரே வரிசையில் இருக்கும்: தேதி, ஊர், குழந்தை பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், அப்பாவின் தொழில். அப்புறம் தகவல் சொன்னவரின் கையெழுத்து. பல வரிசைகளில் அங்கே ஒரு பெருக்கல் குறிதான் இருக்கும், ‘இவளுடைய அடையாளம்’ என்ற குறிப்போடு. எழுதத் தெரியாத அந்தப் பெண்ணா எழுத்தை முடிவு செய்திருப்பாள்?

தேதியையும் ரொம்ப நம்பாதீர்கள். 42 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். தாமதமானால் அபராதம் என்று பயந்து தேதியைத் தள்ளிச் சொன்னவர்கள் உண்டு. காகிதக் கணக்கில், பிறப்பதற்கு முன்பே ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளை நானே பார்த்திருக்கிறேன்!

ஊர் தெரிந்ததும் 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த வீட்டைத் தேடுங்கள். அதுவும் இலவசம். வயதை மட்டும் நம்பாதீர்கள். 1909இல் எழுபது வயதுக்காரர்களுக்கு ஓய்வூதியம் வந்தது. அப்புறம் பல கிழவர்கள் பத்து வருடத்தில் பதினைந்து வயது கூடிவிட்டார்கள்.

‘1922இல் டப்ளின் ஆவணக் காப்பகத்தில் எல்லாம் எரிந்துபோச்சு, எங்களால்தான் எடுக்க முடியும்’ என்று ஏஜென்ட் சொல்லியிருப்பாரே? எல்லாரும் சொல்வதுதான். பழைய கணக்கெடுப்புகளும் உயில்களும் நிறைய எரிந்தது உண்மை. பிறப்புப் பதிவும் கத்தோலிக்க சர்ச் பதிவுகளும் அந்தக் கட்டடத்திலேயே இல்லை. 1881, 1891 கணக்கெடுப்புகள் நெருப்பிலும் போகவில்லை. முதல் உலகப் போரின்போது அரசாங்கமே கூழாக்கிவிட்டது. தீயைக் கூட மன்னிக்கலாம், இதை எப்படி மன்னிப்பது?

இப்போது பாஸ்போர்ட். உங்கள் அம்மாவுக்குத் தாத்தா அயர்லாந்தில் பிறந்தவர். அதனால் அம்மா அங்குள்ள வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பதிந்து குடியுரிமை பெறலாம். உங்களுக்கு அவர் கொள்ளுத்தாத்தா. நீங்கள் பெற வேண்டுமானால், 1956 முதல் 1986க்குள்ளோ, நீங்கள் 1986க்குப் பிறகு பிறந்தவர் என்றால் நீங்கள் பிறப்பதற்கு முன்பேயோ அம்மா அந்தப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். முன்பே என்றால் முன்பே. இன்று அம்மா பதிந்தால், அது அன்றிலிருந்துதான் செல்லும். பின்னோக்கி வந்து உங்களுக்குச் சேராது. ‘முதலில் அம்மாவுக்கு, அடுத்து உங்களுக்கு’ என்று ஏஜென்ட் இரண்டு கட்டணம் வாங்குவது இந்த இடத்தில்தான். இரண்டாவது கட்டணம் தண்டம். அம்மா பதிவதாக இருந்தாலும் ஒன்றை யோசிக்கட்டும்: இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது.

அஃபிடவிட்டும் வேண்டாம். பெரம்பூர் நோட்டரியின் முத்திரை 1884ஆம் வருடப் பதிவில் ஒரு எழுத்தையும் மாற்றாது. ‘டோனஹ்யூ குடும்பச் சின்னம்’ போட்ட கோப்பையை விற்க வந்தாலும் வாங்காதீர்கள்.

சர்ச் கல்யாணப் பதிவு கையில் இருக்கிறது என்கிறீர்கள். அவருடைய அப்பா பெயர் என்ன என்று கடிதத்தில் சொல்லவே இல்லையே. அந்தக் கட்டத்தை முதலில் பாருங்கள்.