ஏணியில் ஏறியவர் யாருடைய ஆள்?

கேள்வி: கொள்ளுப்பிட்டியில் ஒரு அலுவலகத்தில் நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன். கண்ணாடி துடைக்க வந்த பொடியன் ஏணியிலிருந்து விழுந்து கை முறிந்து பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறான். மேனேஜரோ, "அவன் மேன்பவர் கம்பனி அனுப்பிய ஆள், கொந்தராத்துக்காரரோடு கதைக்கச் சொல்லுங்கோ" என்கிறார். இது சரியா?
(பெயர் வேண்டாம், வெள்ளவத்தை)

பதில்: சரியில்லை. எந்த ஏணி, எந்த மாடி, எத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்பதெல்லாம் உங்கள் அலுவலகம் சொன்னதாகத்தான் இருக்கும், பிறகு விழுந்ததும் மட்டும் அவன் எப்படி வேறு கம்பனி ஆள் ஆனான்?

அந்தக் கொந்தராத்துக் கொட்டேஷனை எடுத்துப் பாருங்கள். தொழில்கொடுநர் சம்பளத்துக்கு மேலே 12 வீதம் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி), 3 வீதம் ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) கட்ட வேண்டும், அதோடு யூனிஃபோம், பெல்ட், கொந்தராத்துக்காரரின் லாபம் எல்லாம் இருக்கிறது. ஆளுக்கு இவ்வளவு என்று போட்ட தொகையில் இவை அடங்கவே அடங்காது என்றால், எதை வெட்டித்தான் அந்த விலைக்கு வந்திருப்பார்கள் என்பது கையெழுத்து வைத்தவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? மலிவு என்று போர்ட் மீட்டிங்கில் பாராட்டு வாங்கியவரும் அவர்தானே.

சரி, இப்போது செய்ய வேண்டியது. வேலையில் காயப்பட்டவர் நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது, அதை அந்தப் பொடியனின் வீட்டாருக்குச் சொல்லுங்கள். விழுந்த நேரம், இடம், பார்த்தவர்கள் பெயர் எல்லாவற்றையும் இன்றைக்கே எழுதி வையுங்கள், ஏணியையும் எறிய விடாதீர்கள். மாதாமாதம் பில்லுக்குக் காசு விடுமுன் யார் யாருக்கு ஈ.பி.எஃப். கட்டினார்கள் என்று காட்டும் சீ படிவத்தின் பிரதியைக் கேளுங்கள். அதில் உங்கள் கட்டடத்துக்கு வருகிறவர்களின் பெயர் இல்லாவிட்டால் நாரஹேன்பிட்டி தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுக்கலாம்.

கேள்வி: உபகொந்தராத்துக்காரர் விட்ட பிழைக்குப் பெரிய கம்பனி மாட்டியதுண்டா?
(முகாமைத்துவ மாணவி, கொட்டாஞ்சேனை)

பதில்: உண்டு. 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்து 11 பேர் இறந்தார்கள். கிணறு பிபி என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பனியுடையது, துளையிடும் மேடை டிரான்ஸ்ஓஷனுடையது, சீமெந்து வேலை ஹலிபர்ட்டனுடையது. ஆளுக்காள் கை நீட்டினார்கள். 2014இல் அமெரிக்க நீதிமன்றம் பிழையைப் பங்கு பிரித்தபோது பிபிக்கு 67 வீதம், டிரான்ஸ்ஓஷனுக்கு 30, ஹலிபர்ட்டனுக்கு வெறும் 3. மேடை வாடகைதான், ஆனால் செலவையும் நேரத்தையும் மிச்சம் பிடிக்கிற முடிவுகளை எடுத்தது பிபி.