பிள்ளைகளிடம் சொல்லத்தான் வேண்டுமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

யூத இனப்படுகொலையில் தப்பியவர்களின் குடும்பங்களைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். முகாமிலிருந்து மீண்ட ஒரு தாய் தான் பட்டதையெல்லாம் பிள்ளையிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? அது தன்னோடு போகட்டும் என்று இருந்துவிட்டால் பிள்ளையாவது நிம்மதியாக வளருமே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்தப் பெற்றோரில் நிறையப் பேர் அப்படித்தான் இருந்து பார்த்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இஸ்ரேல், அமெரிக்கா என்று போய்க் குடியேறி, கல்யாணம் செய்து பிள்ளை பெற்று, பழையதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பிள்ளை பக்கத்தில் வந்தால் பேச்சு அதற்குப் புரியாத போலிஷுக்கோ, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யித்திஷுக்கோ மாறிவிடும். ஆனால் தட்டில் ஒரு துண்டு ரொட்டி மிஞ்சினால் அம்மாவின் முகம் ஏன் அப்படி மாறுகிறது, அப்பா ஏன் தூக்கத்தில் கத்துகிறார், அவர் இடது முன்கையில் எதற்கு ஓர் எண்ணைப் பச்சை குத்தியிருக்கிறார்கள் (நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமில்தான் அப்படிக் குத்தினார்கள்), எல்லார் வீட்டிலும் இருக்கிற தாத்தா பாட்டி நம் வீட்டில் மட்டும் ஏன் இல்லை, இதையெல்லாம் பிள்ளை பார்த்துக்கொண்டேதான் இருந்தது. கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் இறந்துபோன உறவினரின் பெயரைக் குழந்தைக்கு வைப்பார்கள். அப்படிக் கொல்லப்பட்ட ஒரு சித்தியின் பெயரோடு வளர்ந்த பெண்ணுக்கு, அந்தச் சித்தி யார் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. இதில் நிம்மதி எங்கே இருக்கிறது?

அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. கேட்கத் தயாராக ஆளே இல்லாத காலம் அது. ஏன் எதிர்த்துச் சண்டை போடவில்லை என்று இஸ்ரேலிலேயே அவர்களைக் கேட்டார்கள். 1961இல் ஜெருசலேமில், யூதர்களை முகாம்களுக்கு அனுப்பும் ஏற்பாடுகளைச் செய்த நாஜி அதிகாரி ஐக்மன் மீது விசாரணை நடந்து, சாட்சிகள் ஒவ்வொருவராக ஏறிப் பேசியது வானொலியில் வந்த பிறகுதான் மற்றவர்களுக்கும் கொஞ்சம் வாய் திறந்தது. அப்போதும் மகனிடம் சொல்லாததைப் பேத்தியிடம் சொன்னவர்கள் அதிகம். அங்கே பள்ளியில் பன்னிரண்டு வயதுவாக்கில் குடும்ப வரலாற்றை எழுதிவரச் சொல்வார்கள். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பேத்தி வந்து உட்கார்ந்தால் தாத்தாவால் எவ்வளவு நேரம் மறுக்க முடியும்?

ஜெருசலேமின் யாத் வஷேம் நினைவகத்தில் ஒரு படிவம் இருக்கிறது, கொல்லப்பட்டவர் ஒருவருக்கு ஒரு தாள். பெயர், பிறந்த ஊர், அப்பா பெயர், அம்மா பெயர், என்ன தொழில் செய்தார், போருக்கு முன் எங்கே குடியிருந்தார். அப்புறம் கீழே நிரப்புகிறவரின் கையெழுத்தும் அவருக்கு என்ன உறவு என்பதும். என் பாட்டியின் பெயர் என்ன என்பதில் தொடங்கி ஒன்றுமே தெரியாமல் அந்தத் தாளின் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு மகளை நினைத்துப் பாருங்கள். கொல்லப்பட்ட 60 லட்சம் பேரில் ஏறத்தாழ 10 லட்சம் பேரின் பெயர்கள் இன்னும் கிடைக்கவில்லை.

ஆறு வயதுப் பிள்ளையிடம் நச்சுவாயு அறையைப் பற்றிச் சொல்லக் கூடாது, அதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஆனால் தாத்தா என்ன கடை வைத்திருந்தார், பாட்டி வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்ன சமைப்பாள், சித்தி எந்தத் தெருவில் இருந்தாள் என்பதைச் சொல்லலாமே. முகாமை எப்போது சொல்வது என்று பிறகு யோசித்துக்கொள்ளலாம். பெயர்களுக்கு அந்த அவகாசம் இல்லை, 1945இல் பத்து வயதாக இருந்தவர்களே இன்று தொண்ணூறைத் தாண்டிவிட்டார்கள்.