கால் நாற்றம் மாதிரியான வெட்கக்கேடான பிரச்சினைகளை முன்பின் தெரியாதவர்களிடம் கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். நான் கேட்டிருக்கிறேன். எந்தத் தெரியாதவர் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நீங்கள் ஊரைச் சொல்லவில்லை. ஆனால் "பூட்ஸைக் கழற்றினால் வீட்டில் எழுந்து போய்விடுகிறார்கள், மருந்துக்கடையில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது" என்று எழுதியதை வைத்துப் பார்த்தால், நீங்களும் சின்ன ஊர்க்காரர், நாள் முழுக்க பூட்ஸோடு வேலை செய்கிறவர் என்று நினைக்கிறேன். கோலாலம்பூரில் இருப்பவருக்கு இந்தக் கூச்சம் ஏன் வரப்போகிறது? நாலு தெரு தள்ளிப் போனால் அவரை யாருக்குத் தெரியும்?

நான் சிலாங்கூரில் இருக்கும் பெஸ்தாரி ஜெயா ஊர்க்காரன். 2007-இல் பெயர் மாற்றினார்கள், எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். எந்தப் பக்கம் போனாலும் செம்பனை. வேலை பாமாயில் மில்லில், ஸ்டெரிலைசர் பக்கம். தோட்டத்திலிருந்து வரும் குலைகளை நீராவியில் வேகவைக்கும் இடம் அது. உள்ளே 140 டிகிரிக்குப் பக்கம் சூடு. கதவு திறந்தால் தரையெல்லாம் எண்ணெய் கலந்த வெந்நீர் ஓடும். ரப்பர் பூட்ஸ் இல்லாமல் அங்கே நிற்க முடியாது. ஷிப்ட் முடிந்து கழற்றினால் சாக்ஸைப் பிழியலாம்.

வேலை இடத்தில் இது ஒரு பிரச்சினையே இல்லை, எல்லார் காலும் ஒன்றுதான். வெளியேதான் வம்பு. நம் ஆட்களால் செருப்பைக் கழற்றாமல் ஒரு நாளைக் கடத்த முடியுமா? கோயில், சாவு வீடு, கல்யாண வீடு, நண்பன் வீடு, எல்லா இடத்திலும் வாசலிலேயே கழற்றியாக வேண்டும்.

அண்ணனுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். ஹாலில் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். எனக்குப் பின்னால் ஸ்டாண்டு ஃபேன். கேசரி வந்தது, தேத்தண்ணி வந்தது, பெண்ணும் வந்தாள். அந்த நேரம் பார்த்து அந்த வீட்டுப் பொடியன் ஒருவன் சத்தமாக, "அம்மா, யாரோ பெலாச்சான் வறுக்குறாங்க!" என்றான். பெலாச்சான் என்றால் வாடை தூக்கும் இறால் விழுது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. என் மாமா மட்டும் குனிந்து என் காலைப் பார்த்துவிட்டு, "டேய், போய்க் கழுவிட்டு வாடா" என்றார். சம்பந்தி வீட்டு முன்னால்!

இந்த மாமாவைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். போன வருஷம் என் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு போனார். டாங்கியைக் காலியாக்கி நிறுத்திவிட்டுப் போனதோடு சரி. பிறகு பார்த்தால் கேமராவில் மாட்டிய சம்மன் என் பெயருக்கு வருகிறது, 150 வெள்ளி (ரிங்கிட்). கேட்டால், "மருமகன்தானே, கட்டிடு" என்கிறார். என் காலைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அதற்குப் பிறகு தெரிந்தவர்கள் எல்லாரும் வைத்தியர் ஆகிவிட்டார்கள். அத்தை படிகாரத் தண்ணீரில் காலை ஊறவை என்றார். சித்தப்பா பூட்ஸுக்குள் டீத்தூள் பொட்டலம் போடச் சொன்னார். நான் அத்தையைக் குறை சொல்லவில்லை, படிகாரம் வியர்வையைக் கொஞ்சம் கட்டுப்படுத்தத்தான் செய்தது. ஆனால் ஒருவர்கூட "பாதத்தைக் காட்டு பார்ப்போம்" என்று சொல்லவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்ன யோசனைகள்.

டவுனில் மருந்துக்கடைக்கும் போனேன். கல்லாவில் இருந்தது அம்மாவின் சிநேகிதி மகள். நான் மெதுவாக ஆரம்பித்தேன். அந்தப் பெண் உள்ளே பார்த்து, "கால் நாத்தத்துக்கு அண்ணன் வந்துருக்காரு, என்ன குடுக்கலாம்?" என்று கத்தியது. பின்னால் வரிசையில் எங்கள் கோயில் கமிட்டி செயலாளர். பூஞ்சைக் களிம்பு ஒன்றைக் கொடுத்தார்கள், சேற்றுப்புண்ணுக்குப் போடுவது. அதில் ஒன்றும் குணமாகவில்லை.

கடைசியில் வழி சொன்னது ரவாங் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், சாக்ஸ் விற்ற ஒரு மலாய் அம்மா. அந்த ஊரில் என்னை யாருக்கும் தெரியாது, அந்தத் தைரியம். "மக்சிக், கால் ரொம்ப நாறுது, எந்த சாக்ஸ் நல்லது?" என்று மலாயில் கேட்டுவிட்டேன். அவர் முகம் மாறவே இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, "தூக்கிக் காட்டு" என்றார். பல்பு வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பார்த்தார். குதிகாலிலும் முன்பாதத்திலும் தோல் வெளுத்து, சின்னச் சின்னக் குழிகளாக இருந்தது. நானே அதுவரை அதைச் சரியாகப் பார்த்ததில்லை. "என் மகன் ராணுவத்தில் இருக்கிறான், பயிற்சியின்போது அவனுக்கும் இதே குழி வந்தது. இது சாக்ஸில் போகாது, கிளினிக்குக்குப் போ" என்றார். போகச் சொல்லிவிட்டு மூன்று சோடி பருத்தி சாக்ஸையும் விற்றுவிட்டார், அது வேறு.

அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிதான். டாக்டர் பார்த்த உடனே, இது பூஞ்சை இல்லை, பாக்டீரியா என்றார். பெயர் பிட்டட் கெரட்டோலைசிஸ். வியர்வைக்கென்று பெரிய நாற்றம் கிடையாதாம். மூடிய பூட்ஸுக்குள் தோல் ஊறிப்போனால், சில பாக்டீரியாக்கள் பெருகி உள்ளங்காலின் மேல் தோலைத் தின்று குழி போடுகின்றன. அப்போது வெளிவரும் கந்தகம் கலந்த பொருள்கள்தான் மூக்கைத் துளைக்கின்றன. ராணுவக்காரர்கள், விவசாயிகள், பூட்ஸோடு வேலை செய்யும் எல்லாருக்கும் வரக்கூடியது. பாக்டீரியாவுக்கான களிம்பு கொடுத்தார், காலை உலர்வாக வைக்கச் சொன்னார். சில வாரத்தில் குழியும் போய்விட்டது, வாடையும் போய்விட்டது.

இதைப் படித்துவிட்டு, "டாக்டர் இருக்கும்போது சாக்ஸ் விற்கிறவங்ககிட்டயா காலைக் காட்டினே?" என்று கேட்க நாலு பேர் வருவார்கள். வரட்டும். டாக்டரிடம் போ என்று சொன்னதே அந்த அம்மாதான். எனக்கு வைத்தியம் தெரியும் என்றும் நான் சொல்லவில்லை. உங்களுக்கு வேறு ஏதாவதாகக்கூட இருக்கலாம். அதனால்தான் சொல்கிறேன், நாற்றத்தை மட்டும் சொல்லி யோசனை கேட்காதீர்கள். காலைப் பார்க்கத் தயாராக இருக்கும் தெரியாதவரிடம் கேளுங்கள். உங்களைத் தெரியாதவருக்கு உங்களைக் கேலி செய்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, இருந்தால் மட்டும் இந்தச் சுற்றெல்லாம் வேண்டாம், நேரே கிளினிக்குக்குப் போங்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. அவர்கள் காலில் சின்ன புண்ணையும் மறைக்கக் கூடாது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒரு தாத்தா நாற்றத்துக்கு வெட்கப்பட்டு, துணியைச் சுற்றி மறைத்தே விரலை இழந்தார்.

மற்றபடி, முடிந்தால் இரண்டு சோடி பூட்ஸ் வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சாக்ஸை மாற்றுங்கள். பூட்ஸை வெயிலில் வைக்கும்போது உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் அட்டையைத் தனியாக எடுத்து உயரத்தில் வையுங்கள். எங்கள் பக்கத்து வீட்டு நாய்க்கு அந்த வாடை என்றால் உயிர், என்னுடையதை இரண்டு தடவை தூக்கிக்கொண்டு போய்விட்டது.