லண்டனிலிருந்து காரில்லாமல் ஒரே நாளில் திராட்சைத் தோட்டம் பார்க்க முடியுமா? எப்போது போகலாம்?

தாராளமாக முடியும். என் தேர்வு, சரே மாவட்டத்தில் டார்க்கிங் ஊரை ஒட்டியுள்ள டென்பீஸ். லண்டன் வாட்டர்லூ நிலையத்தில் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். டார்க்கிங் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். 1986-இல் கொடிகள் நடத் தொடங்கிய தோட்டம், இன்று சுமார் 265 ஏக்கர். கொடிகளுக்கு நடுவே பொது நடைபாதைகள் இருப்பதால் சும்மா சுற்றிவரக் காசு வேண்டாம்.

நடக்கும்போது காலடி மண்ணைக் கவனியுங்கள். வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள் கிடக்கும்; விரலில் தேய்த்தால் மாவாக ஒட்டும். பிரான்சின் ஷாம்பெயின் பகுதியிலும் இதே மாதிரி நிலம்தான். மழைநீரைக் கொஞ்சம் பிடித்துவைத்து, மிச்சத்தை வடித்துவிடும், வேர் அழுகாது. அப்புறம், இங்கே கோடை அதிகம் சுடாததால் பழத்தில் புளிப்பு தங்கும். நுரைக்கும் ஒயினுக்கு அந்தப் புளிப்புதான் உயிர்! சாதா வெள்ளை ஒயின் போதுமென்றால் பாக்கஸ் என்ற திராட்சை வகையில் செய்ததைக் கேளுங்கள், நல்ல வாசனை.

செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர்வரை அறுவடைக் காலம். அப்போது போவதே அழகு. குலைகள் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கும், ஆனால் பறிக்காதீர்கள், அது ஒருவரின் வருட உழைப்பு. ஒயின் சுவைக்கும் சுற்றுக்கு மட்டும் முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.